திண்டிவனத்தில் நிலக்கரி விபத்து இல்லை

விழுப்புரம் கீழ்பெரும்பாக்கத்தில் அந்தத் தெருவுக்குத் தபால் வந்தால், யார் பெயருக்கு வந்ததோ அவர் மூன்றாவது ஆளாகத்தான் அதைப் படிப்பார். 2009 புரட்டாசியில் வெங்கடாசலத்துக்கு வந்த பழுப்பு உறைக்கும் அதே கதிதான். முதலில் போஸ்ட்மேன், அடுத்து எதிர்வீட்டு தேவயானி, கடைசியில் வெங்கடாசலம். அவர் கைக்குக் கடிதம் போவதற்குள் தெருமுனை டீக்கடை வரைக்கும் சேதி போய்விட்டது.

அனுப்பியவர்கள், நிலத்தடி நிலக்கரிச் சுரங்கப் பாதுகாப்பு மற்றும் உற்பத்தி ஆராய்ச்சி முன்னுரிமை நிர்ணய நிலையம், செஞ்சி ரோடு, திண்டிவனம். பெயரை ஒரே மூச்சில் படித்துவிட்டு தேவயானி தண்ணீர் குடித்தாள் என்கிறார்கள்.

திண்டிவனத்தில் நிலக்கரி ஏது என்று தெரு கேட்டது. நியாயமான கேள்வி. அங்கே தோண்டினால் கல் வரும். இன்னும் தோண்டினால் தண்ணீர் வரும், அதுவும் முன்பு போல வருவதில்லை. ஆனால் அரசாங்கம் யோசிக்காமல் ஒன்றும் செய்யாது. நிலக்கரி இருக்கிற ஊரில் தூசி, சத்தம், யூனியன், விபத்து எல்லாம் இருக்கும். அதற்கு நடுவில் உட்கார்ந்து பாதுகாப்பைப் பற்றி அமைதியாக யோசிக்க முடியுமா? அதனால்தான் நிலக்கரியே இல்லாத ஊராகப் பார்த்து, ஒரு மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, ஒன்பது வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை காலம் யோசித்த பிறகு ஒரு விதி கண்ணில் பட்டிருக்கிறது. முன்னுரிமைக் குழுவில் பூமிக்கு அடியில் வேலை பார்த்த ஒருவராவது இருக்க வேண்டும். இருக்கிற பதினோரு உறுப்பினரில் ஒருவர்தான் சுரங்கத்துக்குள் இறங்கியவர். அதுவும் 1988-இல், ஒரு தடவை, பாதி வழியில் மயக்கம் போட்டுவிட்டார். ஆகவே ஆள் தேடி, பென்ஷன் பட்டியலைப் புரட்டி, வெங்கடாசலத்தைப் பிடித்தார்கள்.

வெங்கடாசலம் வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். அவர் வேலை கூரையைத் தட்டிப் பார்ப்பது. பூண் போட்ட கழியால் தலைக்கு மேல் இருக்கிற பாறையைத் தட்ட வேண்டும். கணீர் என்றால் கெட்டி. டொப் என்றால் மேலே விரிசல் விட்டிருக்கிறது, முட்டுக் கொடுக்காமல் ஒருத்தரும் அடியில் போகக் கூடாது. ஊருக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் குடைக் கம்பியால் கூரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உட்காருவார். பெண் பார்க்கப் போன இடத்தில் தட்டினதால் அவர் தம்பி மகனுக்கு ஒரு சம்பந்தமே கைநழுவியது. அந்தக் கதையைத் தெரு இன்னும் ஆசையாகச் சொல்லும்.

கடிதம் வந்த மறுநாள் காலையில் பாண்டிச்சேரி பஸ்ஸில் வந்து இறங்கினாள் வெள்ளையம்மாள். கண்டமங்கலத்துக்காரி. அவள் புருஷன் கிருஷ்ணசாமி, வெங்கடாசலத்தோடு அதே சுரங்கத்தில் கரி வெட்டியவர். 1993-இல் கூரை விழுந்து செத்தார். சேதி கண்டமங்கலம் வரைக்கும் ஒரே நாளில் எப்படிப் போனது என்று கேட்கக் கூடாது. எங்கள் தெரு அப்படி.

அவள் பைக்குள்ளிருந்து ஒரு போஸ்டரை எடுத்து விரித்தாள். பொம்மைப் படம். பெரிய மீசை, கோணல் தொப்பி, வாயில் பீடி. ஒரு ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், தலைக்கு மேல் பாறை விழுகிறது. கீழே கொட்டை எழுத்தில்: ‘அலட்சியக் கிருஷ்ணசாமி போல் இராதீர்.’ அதற்கும் கீழே திண்டிவனம் நிலையத்தின் முத்திரை. ஒன்பது வருஷத்தில் அந்த நிலையம் வெளியிட்ட ஒரே ஆராய்ச்சி அதுதான்.

“வல்லரசு வேல செய்யற கம்பெனில ஒட்டிக்கீறாங்கண்ணா, சாப்புடற எடத்துல” என்றாள். வல்லரசு அவள் மகன். அப்பன் சாகும்போது எட்டு வயசு. “அவங்கப்பா பேரு, சொரங்கத்துல செத்தது எல்லாம் அங்க தெரியும். அலட்சியம் மவன் வந்துட்டான் பாருன்றானுங்களாம். மூணு மாசமா சோத்து டப்பாவ எடுத்துக்கினு போயி சைக்கிள் ஸ்டாண்டுல உக்காந்து துன்றான்.”

வெங்கடாசலம் போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவன் பீடியே குடிக்க மாட்டானே” என்றார்.

“நீங்க அந்தக் கமிட்டியில இருக்கீங்களாமே. ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. அவரு தானா உள்ள போவல, போவச் சொன்னாங்கன்னு. பேரை எடுத்தா போதும். எனுக்கு வேற ஒண்ணும் வாணாம்.”

“சொல்றேம்மா” என்றார் வெங்கடாசலம்.

அவள் மல்லாட்டை ஒரு பை கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போது, அதுவரை தெருவுக்குத் தெரியாத ஒரு விஷயம். அப்படியும் ஒன்று இருந்தது. கிருஷ்ணசாமி செத்த அன்றைக்குக் கூரையைத் தட்டினது வெங்கடாசலம்தான். டொப் என்றது. வேலையை மேற்பார்க்கிற ஓவர்மேனிடம் சொன்னார். ஓவர்மேன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் எட்டு வண்டி கரி பாக்கி, முட்டு அப்புறம் கொடுக்கலாம் என்று கிருஷ்ணசாமியை உள்ளே போகச் சொன்னான். கிருஷ்ணசாமி திரும்பி வெங்கடாசலத்தின் முகத்தைத்தான் பார்த்தார். ஓவர்மேன் எதிரில் நிற்கிறானே என்று வெங்கடாசலம் குனிந்து கழியின் பூணைச் சரிசெய்தார். கிருஷ்ணசாமி உள்ளே போனார். மூன்றாம் நாள் ஆபீசில் ஒரு தாளை நீட்டினார்கள். ‘நான் எச்சரித்தும் கேளாமல், கிருஷ்ணசாமி தன்னிச்சையாக முட்டில்லாத பகுதிக்குள் சென்றார்.’ கையெழுத்துப் போடாவிட்டால், அன்றைக்குத் தட்டிப் பார்க்கும் முறை யாருடையது என்று விசாரிக்க வேண்டிவரும் என்றார்கள். போட்டார்.

இது தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி ருக்கு. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: “போனா உண்மையச் சொல்லிட்டு வாங்க. சொல்ல முடியாதுன்னா இன்னிக்கே வவுத்து வலின்னு ஒரு கார்டு போட்டுடுங்க. ரெண்டும் இல்லாம மாலையப் போட்டுக்கினு வராதீங்க.”

திண்டிவனம் நிலையத்தில் மூன்று நாள் பட்டறை. வெங்கடாசலம் போனார். முதல் நாள் வாசலில் ரோஜாப்பூ, சந்தனம், கழுத்தில் மாட்ட அட்டை. அட்டையில் ‘பயனாளர்’ என்று இருந்தது. எதைப் பயன்படுத்தினவர் என்று வெங்கடாசலத்துக்கு விளங்கவில்லை. நிலையத்தின் அதிகாரி சுகுமாரிடம் கேட்டார். “நீங்க சுரங்கத்தைப் பயன்படுத்தினவருங்க” என்றார் சுகுமார்.

இயக்குநர் டாக்டர் தட்சிணாமூர்த்தி எழுந்தார். கனிவான மனிதர். யாரையும் ஒருமையில் பேச மாட்டார்.

“நண்பர்களே, இந்த நிலையம் தொடங்கி ஒன்பது ஆண்டுகள். இந்த ஒன்பது ஆண்டுகளில் திண்டிவனம் வட்டத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்க விபத்துகூட நடக்கவில்லை.” கைதட்டல் அடங்கக் காத்திருந்தார். “இதற்கு நான் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். கூட்டு முயற்சி. சிலர் கேட்கிறார்கள், நீங்கள் ஏன் இதுவரை சுரங்கத்துக்குள் இறங்கவில்லை என்று. கீழே இருக்கிறவருக்குக் கீழே இருப்பது மட்டும்தான் தெரியும். இறங்கியிருந்தால் என் பார்வையும் குறுகியிருக்கும். நம் லட்சியம் விபத்தே இல்லாத சுரங்கம். அதற்கு முதல் படி ஆளே இல்லாத சுரங்கம். ஆள் இல்லாமல் உற்பத்தி எப்படி என்று கேட்பீர்கள். அதற்குத்தான் ஆராய்ச்சி.”

பிறகு முன்னுரிமை நிர்ணயம். சுவர் நீளத்துக்கு ஒரு தாள், அதில் நாற்பத்து மூன்று தலைப்பு. ஆளுக்கு ஐந்து சிவப்புப் பொட்டு. எந்த ஆராய்ச்சி முக்கியமோ அதில் ஒட்ட வேண்டும். கூரையைத் தேடி வெங்கடாசலம் சுவரோடு நடந்தார். முப்பத்தொன்பதாவதாக ‘இதர மேற்புற விஷயங்கள்’ என்று இருந்தது. ஐந்து பொட்டையும் அதிலேயே ஒட்டினார்.

சுகுமார் பதறாமல் பக்கத்தில் வந்தார். “ஐயா, எல்லாத்தையும் ஒரே இடத்துல ஒட்டக் கூடாதுங்க. பரவலா ஒட்டணும். அதாங்க ஜனநாயகம்.”

“சாவறவன் எல்லாம் அந்த ஒரு எடத்துலதானே சார் சாவறான்.”

“அது உங்க அனுபவம். அனுபவம் வேற, தரவு வேற” என்று சுகுமார் நான்கு பொட்டை நோகாமல் உரித்தெடுத்தார். அந்த நேரம் பார்த்து மின்வெட்டு. விளக்கு வந்தபோது நான்கு பொட்டும் ‘நிலையத்துக்கு ஜெனரேட்டர்’ என்ற தலைப்பில் இருந்தன. மாலையில் முடிவு அறிவித்தார்கள். முதல் முன்னுரிமை, முன்னுரிமை என்றால் என்ன என்பதை வரையறுத்தல். இரண்டாவது, வெளிநாட்டுச் சுரங்கங்களை மேலிருந்து பார்வையிடும் பயணம். மூன்றாவது ஜெனரேட்டர். கூரை நாற்பத்தொன்றாம் இடம்.

இரண்டாம் நாள் செயல்விளக்கம். கிடங்கின் பின்பாதியில் மாதிரிச் சுரங்கம் கட்டியிருந்தார்கள். பிளைவுட்டில் கூரை, கறுப்புப் பெயின்ட், மூலையில் மல்லாட்டைத் தொலி நெடி. உள்ளே தார்ப்பாயில் அடுப்புக் கரி குவித்திருந்தது. வெங்கடாசலம் உள்ளே போய் ஒரு கூடை கரி அள்ளி வர வேண்டும். எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பார்கள். சுகுமார் கையில் ஸ்டாப்வாட்ச்.

வெங்கடாசலம் வாசலில் நின்று குடைக் கம்பியால் கூரையைத் தட்டினார். டொப் என்றது. இன்னும் இரண்டு இடத்தில் தட்டினார். டொப், டொப். கையைக் குறுக்கே நீட்டி எல்லாரையும் மறித்தார்.

“மேல விரிசல் சார். யாரும் உள்ள வராதீங்க.”

“ஐயா, அது பிளைவுட்டுங்க.”

“தெரியும் சார். ஆனா சத்தம் அதுதானே. முட்டுக் குடுத்தா போறேன்.”

சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார். பிடிவாதம் இல்லை. கால் போகவில்லை, அவ்வளவுதான். முட்டு வாங்கப் பட்டியல் தயாரித்து, மூன்று கடையில் விலைப்புள்ளி கேட்க வேண்டும் என்று விதி சொன்னது. நாற்பது நிமிஷம் ஒருவரும் உள்ளே போகவில்லை. டீ வந்தது, பிஸ்கெட் வந்தது. கடைசியில் இயக்குநரே அந்த நாளின் கண்டுபிடிப்பைச் சொன்னார், குறிப்பெழுதும் சூர்யகலா எழுதிக்கொண்டாள்.

“தட்டிப் பார்க்கும் பழக்கத்தால் உற்பத்தி இழப்பு நாற்பது நிமிடம். பரிந்துரை, பழக்கத்தைப் படிப்படியாகக் குறைத்தல்.”

“தட்டாம போனா செத்துருவாங்களே சார்” என்றார் வெங்கடாசலம்.

“அங்கேதான் நம் ஆராய்ச்சி வருகிறது” என்று இயக்குநர் அவர் தோளில் கை வைத்தார். “யோசித்துப் பாருங்கள். கூரைக்கு நாம் பயிற்சி கொடுக்க முடியுமா? தொழிலாளிக்குக் கொடுக்கலாம்.”

மூன்றாம் நாள் காலையில் திரையில் அந்த மீசைப் பொம்மை வந்தது, ஆளுயரத்துக்கு. சுகுமார் குச்சியால் காட்டிக் காட்டி விளக்கினார். அலட்சியக் கிருஷ்ணசாமி நிலையத்தின் பெருமை, நானூறு தொழிற்சாலைகளுக்குப் போயிருக்கிறார், அடுத்த பதிப்பு வரப்போகிறது. ஏதாவது கருத்து உண்டா?

வெங்கடாசலம் எழுந்தார்.

“சார், அந்தப் பேர எடுத்துடணும். அவன் தானா போவல. ஓவர்மேன்தான் போவச் சொன்னாரு. நான் பக்கத்துல இருந்தேன்.”

கூடத்தில் ஒரு சலசலப்பு. யாருக்கும் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவர் கொஞ்சம் தாக்குப்பிடித்திருப்பார். இயக்குநர் மிகுந்த மரியாதையோடு, “அருமையான கருத்து. இப்படிக் களத்திலிருந்து குரல் வர வேண்டும் என்றுதான் உங்களை அழைத்தோம். சுகுமார், அந்தக் கோப்பைக் கொண்டுவாருங்கள்” என்றார்.

வடக்கே சுரங்க ஆபீசிலிருந்து வாங்கி வைத்திருந்த கோப்பு வந்தது. பதினாறு வருஷத்துத் தாள், ஓரம் பழுத்திருந்தது.

“இது உங்கள் கையெழுத்துதானே?”

“ஆமா சார்.”

“‘நான் எச்சரித்தும் கேளாமல்’ என்று இருக்கிறது. எழுதியது உண்மைதானே? இல்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். பொய்ச் சாட்சி கொடுத்ததாகப் பதிவு செய்துகொள்ளலாம். உரிய இடத்துக்கு அனுப்பி, யாருடைய முறை என்று மறுபடியும் விசாரிக்கச் சொல்லலாம். இங்கே எல்லாமே வெளிப்படை. சூர்யகலா, எழுதிக்கொள்ளுங்கள்.”

சூர்யகலா பேனாவைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பதினோரு பேரும் பார்த்தார்கள். வெங்கடாசலம் அந்தத் தாளில் தன் பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்தார். அந்தக் காலத்தில் அதை எவ்வளவு அழகாகச் சுழித்திருக்கிறோம் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியதாம். வெட்கக்கேடு, ஆனால் அதுதான் தோன்றியது.

“உண்மதான் சார்” என்றார்.

“அப்படியானால் எச்சரித்தவர் நீங்கள்.” இயக்குநர் எழுந்து நின்றார். “நண்பர்களே, ஒன்பது ஆண்டுகளாக நம்மிடம் ஒரு கெட்ட உதாரணம்தான் இருந்தது. இன்று ஒரு நல்ல உதாரணம் கிடைத்திருக்கிறது.”

கைதட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். குறிப்பேட்டில், ‘பயனாளர் பிரதிநிதி ஆய்வை முழுமையாக உறுதிசெய்தார்’ என்று எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கினார்கள். மத்தியானம் கேசரி போட்டிருந்தார்கள். சாப்பிட்டார்.

விழுப்புரம் பஸ்ஸில் சால்வையை மடித்துப் பைக்கு அடியில் திணித்துக்கொண்டு வந்தார். விக்கிரவாண்டியில் இறங்கி எங்கேயாவது போட்டுவிடலாமா என்று யோசித்து, இறங்காமல் வந்தார். ருக்கு பையைப் பார்த்தாள். அன்றிலிருந்து ஒரு வாரம் அவருக்குத் தட்டு வைப்பாள், பக்கத்தில் உட்கார மாட்டாள். வெள்ளையம்மாள் போன் செய்தபோது, “சொல்லிக்கீறேம்மா, பாக்கறோம்னாங்க” என்றார். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் பொய் இல்லை.

மாசி மாதம் புதுப் பதிப்பு வந்தது. அதை எடுத்துக்கொண்டு வெள்ளையம்மாளே வந்தாள். இப்போது படத்தில் இரண்டு பேர். மீசைக்காரன் அதே பீடியோடு பாறைக்கு அடியில். எதிரில் நெற்றி நிறைய திருநீறு பூசி, கழியைத் தூக்கி, ‘போகாதே நண்பா’ என்று தடுக்கிறார் ஒருவர். கீழே, ‘விழிப்பான வெங்கடாசலம் சொல்லியும் கேளாத அலட்சியக் கிருஷ்ணசாமி.’

வெள்ளையம்மாள் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று எதிர்வீட்டு தேவயானி வாசலைப் பெருக்க வந்துவிட்டாள். ஏற்கெனவே பெருக்கின வாசல்.

ஆனால் வெள்ளையம்மாள் சண்டை போடவில்லை. “நீங்க சொல்லியுமா கேக்காம போனாரு?” என்றாள்.

வெங்கடாசலம் போஸ்டரைக் கையில் வாங்கினார்.

“பதினாறு வருஷமா உங்க மேலகூட எனுக்கு ஒரு சந்தேகம் இருந்திச்சிண்ணா. கூட இருந்தவரு ஒரு வார்த்த சொல்லக் கூடாதான்னு. மனசுல வெச்சிக்கினே உங்க வூட்டு வாசப்படி ஏறிக்கினு இருந்தேன். மன்னிச்சிக்கோங்க.”

“இல்லம்மா” என்றார் வெங்கடாசலம். “நான் சொல்லல. அவன் என்னப் பாத்தான். நான் கீழ குனிஞ்சிக்கினேன். போவச் சொன்னது ஓவர்மேன். அப்பறம் நான்தான் அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டேன். திண்டிவனத்துலயும் மறுபடி போட்டேன். படத்துல இருக்கறது அத்தனையும் பொய்யி.”

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. ருக்கு வாசல்காலில் வந்து நின்றாள்.

வெள்ளையம்மாள் அவரையே பார்த்தாள். கண் கலங்கியது. ஆனால் அந்தக் கலக்கம் அவர் நினைத்த மாதிரி இல்லை.

“உங்களுக்கு இருக்கற மனசு யாருக்கு வரும்ண்ணா. செத்தவன் பேரக் காப்பாத்தணும்னு பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க. கெவுர்மெண்டுல அச்சடிச்சிக்கீறாங்க. அவ்ளோ படிச்சவங்க விசாரிக்காமயா போடுவாங்க?”

“நான் சொல்றது நெஜம்மா. ருக்குவைக் கேளு.”

ருக்கு, “நெஜம்தாம்மா” என்றாள்.

“நீங்களும் அவருக்கு ஏத்த சம்சாரம்தான் அண்ணி” என்று வெள்ளையம்மாள் மூக்கைச் சிந்தினாள். “அந்த மனுசன் வூட்லயும் அப்படித்தான். வாணாம்னா கேக்க மாட்டாரு. நானும் இத்தன வருஷம் நல்லவருன்னே சொல்லிக்கினு திரிஞ்சேன். வல்லரசு நேத்து அப்பா போட்டோவக் கழட்டிப் பொட்டிக்குள்ள வெச்சிட்டான். வெச்சா வெச்சிக்கடான்னுட்டேன்.”

அவள் வந்ததே வேறு காரியத்துக்கு. மார்ச் நாலாம் தேதி வல்லரசின் கம்பெனியில் பாதுகாப்பு நாள் கொண்டாடுகிறார்கள். விழிப்பான வெங்கடாசலம் நம் வல்லரசுக்குத் தெரிந்தவராமே என்று மேனேஜர் கேட்டாராம். சிறப்பு விருந்தினராக அழைத்துவரச் சொல்லியிருக்கிறார். இப்போது வல்லரசை யாரும் கேலி செய்வதில்லையாம். சாப்பிடும் இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறானாம்.

“வர்றீங்களாண்ணா? புள்ள ஆசைப்படறான்.”

வெங்கடாசலம் போகவில்லை என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு நன்றாகத்தான் இருக்கும். தெருவும் அப்படித்தான் எதிர்பார்த்தது. போனார். கார் அனுப்பியிருந்தார்கள். உண்மையை மேடையில் சொல்லிவிடுவது என்று கிளம்பும்போது ருக்குவிடம் சொன்னாராம். சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

மைக்கைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார் என்கிறார்கள். கூட்டம் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டது. முன்வரிசையில் வல்லரசு, அப்பன் ஜாடை அப்படியே, நிமிர்ந்து அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வெங்கடாசலம் குனிந்து மைக்கின் ஒயரைச் சரிசெய்தார்.

பிறகு, “எல்லாரும் பெரியவங்க சொல்றதக் கேட்டு ஜாக்கிரதையா இருங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

முதலில் கைதட்டினது வல்லரசு.